பத்து ரூபாவும் ஒரு பெயர்ப்பட்டியலும்

கடந்த தவணையில் எமது கல்லூரி நூலகக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. "பிரின்ட் காசு செலுத்தாதோர்" என்று தலைப்பிட்டு, பதினொரு மாணவிகளின் பெயர், வகுப்பு, தொகை என்பன அதில் எழுதப்பட்டிருந்தன. அதை எழுதியவள் நான்தான். நூலக மாணவத் தலைவிகளுள் நானும் ஒருத்தி. உயர்தரத்தில் கணக்கீடு படிப்பவள் என்பதால், நூலகப் பொறுப்பாசிரியை பிரின்ட் காசுக் கொப்பியை என் கையில் தந்திருந்தார். அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து, அழகான கையெழுத்தில் அந்தப் பட்டியலை எழுதி ஒட்டியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூன்று நாளில் ஒன்பது பேர் காசைக் கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் கட்டினார். ஒரே ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. அது என் வகுப்புத் தோழியின் பெயர். தொகை 140 ரூபா. இடைவேளை மணி அடித்தால் முதலில் நூலகத்துக்கு ஓடுபவள் அவள்தான். அந்தப் பட்டியல் ஒட்டப்பட்ட நாளிலிருந்து அவள் நூலகப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். நான் அதைக் கவனிக்க இரண்டு வாரம் ஆனது.

ஒரு நாள் பாடசாலை விட்டுப் போகும்போது கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "காசுக்காக இல்ல. என்ட தங்கச்சி கதவுல பேர வாசிச்சுட்டு வந்து, உம்மாக்கிட்டச் சொன்னா. உம்மா அழுதுட்டா" என்றாள். அவளுடைய தங்கை எமது கல்லூரியிலேயே தரம் ஏழில் படிக்கிறாள்.

அன்றிரவு கொப்பியை எடுத்து அந்த 140 ரூபாவைப் பார்த்தேன். பதினான்கு பக்கங்கள், பக்கத்துக்குப் பத்து ரூபா. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினான்கு பக்கங்களும் எப்படி வந்தன என்பது மெல்ல எனக்கு நினைவுக்கு வந்தது. நான்கு பேர் சேர்ந்து செய்த குழுச் செயற்றிட்டம் அது, எட்டுப் பக்கங்கள். பென்ட்ரைவ் கொண்டுவந்தவள் அவள் என்பதால் அவளுடைய பெயரில் எழுதினேன். முதல் முறை பிரின்ட் போட்டபோது ஆறு பக்கங்கள் வெளியே வந்த பின்னர்தான், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விழுந்திருப்பதைக் கண்டோம். வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். நூலகக் கணினியில் பாமினி இருக்கவில்லை. மறுநாள் அவள் பீடிஎப் ஆக மாற்றிக் கொண்டுவந்து எட்டுப் பக்கங்களையும் மறுபடி எடுத்தாள். நான் ஆறையும் எட்டையும் கூட்டிப் பதினான்கு என்று எழுதினேன்.

பிழையாக விழுந்த ஆறு பக்கங்களும் அவளுடைய குற்றமல்ல. மீதி எட்டும் நால்வருக்கு உரியவை. ஆக, அவள் தர வேண்டியிருந்தது இரண்டு பக்கங்களுக்கான 20 ரூபா மட்டுமே. நான் கதவில் எழுதியது 140.

இதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நூலகத்தில் பிரின்ட் எடுப்பதற்குக் காசு வாங்கலாமா, வாங்கினால் எவ்வளவு, யார் வாங்குவது, கட்ட முடியாதவளை என்ன செய்வது என்பதெல்லாம் சிறிய விடயங்கள் போலத் தோன்றும். ஆனால் ஒரு மாணவி நூலகத்துக்குள் வருவதையும் வராமல் போவதையும் அவை தீர்மானிக்கின்றன.

முதலில், பிரின்ட் எமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்தில் பீடிஎப் ஆகக் கிடைக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களும் அப்படியே. மாதிரி வினாத்தாள்களை ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தமிழ்மொழி மூலம் படிக்கும் எமக்குக் கடைகளில் கிடைக்கும் துணைநூல்கள் குறைவு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணைய நூலகம் போன்றவற்றில் தேடி எடுப்பவையே பல வேளைகளில் கைகொடுக்கின்றன. ஆனால் வீட்டில் ஒரே ஒரு போன். அதை நானாவும் தங்கையும் வாப்பாவும் பங்கு போட வேண்டும். அந்தச் சின்னத் திரையில் ஒரு கணக்கீட்டு வினாவைப் பார்த்து விடை எழுதுவதென்பது, செய்து பார்த்தவர்களுக்கே விளங்கும். தாள் கையில் இருந்தால் மின்சாரம் போனாலும் படிக்கலாம்.

"அப்படியென்றால் வெளியே கொமியூனிகேஷன் கடையில் எடுக்கலாமே?" என்று சிலர் கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் பாடசாலை விட்டதும் வான் புறப்பட்டுவிடும். வான் போன பிறகு தனியாகக் கடைக்குப் போய் வரிசையில் நிற்பதை எமது வீடுகள் விரும்புவதில்லை. இன்னொன்றும் உண்டு. கடையில் பென்ட்ரைவைக் கொடுத்தால் அதிலுள்ள குடும்பப் படங்கள் முழுவதும் இன்னொருவரின் கணினியில் திறக்கின்றன. வட்ஸ்அப்பில் அனுப்பினால் எமது இலக்கம் அங்கே பதிவாகிவிடுகிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நூலகத்தின் பிரின்டர் ஒரு வசதி மட்டுமல்ல, எமக்கு அது ஒரு பாதுகாப்பும்கூட.

"கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வி உள்ள நாட்டில் பிரின்டுக்குக் காசு எதற்கு? பாடநூலும் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கும்போது இதையும் இலவசமாகக் கொடுங்கள்" என்பார்கள் வேறு சிலர். இது நியாயமான கேள்வி. நானும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாள் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. 2022 மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே மாதத்தில் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகளும் தாள் பற்றாக்குறையால் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இலவசமாகக் கொடுத்தால், முதல் வாரத்தில் வந்தவர்களுக்குத் தாள் கிடைக்கும். மூன்றாம் வாரத்தில் வருபவளுக்கு வெறும் பெட்டிதான் கிடைக்கும். பெரும்பாலும் பிந்தி வருபவள் வீட்டில் கணினி இல்லாதவளாகத்தான் இருப்பாள்.

ஆகவே காசு வாங்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு? எமது நூலகத்தில் பத்து ரூபா வாங்குகிறோம். ஏன் பத்து என்று நான் கேட்டபோது யாருக்கும் காரணம் தெரியவில்லை. கடையில் பத்து, ஆகவே இங்கும் பத்து. கணக்கீட்டு வகுப்பில் கிரயம் கணிக்கப் படிக்கிறோம் அல்லவா? அதை இங்கே செய்து பார்க்கலாம்.

ஒரு கட்டுத் தாளில் 500 தாள்கள் உண்டு. கட்டின் விலை 1,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தாள் 3 ரூபா. ஒரு டோனரின் விலை 6,000 ரூபா, அது 1,500 பக்கம் வரும் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 4 ரூபா. பழுதுபார்ப்புக்கு ஒரு ரூபா ஒதுக்கினால் மொத்தம் 8 ரூபா. இருபக்கமும் அடித்தால் தாள் ஒன்றுதான். டோனரும் பழுதும் மட்டும் இரட்டிக்கும். அப்போது இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து 13 ரூபா. நாங்களோ 20 ரூபா வாங்குகிறோம்! விலைகள் மாறும், ஆனால் இந்த முறை மாறாது. தவணைக்கு ஒரு தடவை உண்மை விலைகளைப் போட்டு இப்படிக் கணித்து, இருபக்கமாக எடுப்பவருக்கு விலையைக் குறைத்தால், தாளும் மிஞ்சும். மாணவியின் காசும் மிஞ்சும்.

தோழிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டோனர் இத்தனை பக்கம் வரும் என்று பெட்டியில் போட்டிருப்பது, பக்கத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் கறுப்பு விழும் என்ற கணக்கில்தான். செயற்றிட்டத்தின் முகப்புக்கு முழுக் கறுப்புப் பின்னணி வைத்து, நடுவில் வெள்ளைப் பூ வைத்து அழகு பார்க்கிறோமே, அந்த ஒரு பக்கம் பல பக்கங்களின் மையைக் குடித்துவிடுகிறது. அந்த மைக்கான காசை அடுத்து வரும் தோழி கொடுக்கிறாள்.

இனி, காசை எப்படிக் கையாள வேண்டும் என்பதில் என் கருத்துகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கடன் வராமலே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் மாணவர் கணக்கில் முன்கூட்டியே காசு போட்டு, அட்டையைத் தட்டியதும் பிரின்ட் வெளிவரும் முறை உண்டு. அதற்கென்றே பேப்பர்கட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே ஒரு பிரின்டர் உள்ள எமக்கு அவ்வளவு தேவையில்லை. பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய மட்டை போதும். முன்பணம் கட்டி அதை வாங்க வேண்டும். ஒரு பக்கம் எடுத்தால் ஒரு கட்டத்தில் நூலக முத்திரை. ஆனால் ஒரேயடியாகப் பத்துப் பக்கங்களுக்குக் காசு தர முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு கட்ட மட்டையும் இருக்க வேண்டும். காசுள்ளவளுக்கு மட்டும் இலகுவான முறை நல்ல முறையாகாது.

இரண்டாவது, பிழையாக விழுந்த பக்கத்துக்குக் காசு இல்லை. எழுத்துரு மாறினாலும், தாள் சிக்கினாலும், டோனர் மங்கினாலும் அது நூலகத்தின் செலவு. அதற்குப் பதிலாக, முதலில் ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை எடுக்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்படுத்த வேண்டும். நூலகக் கணினியில் பாமினியைச் சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூடப் போகாது. யுனிகோட்டில் தட்டச்சு செய்யப் பழகினால் அந்தத் தொல்லையே இல்லை. குழு வேலை என்றால் கொப்பியில் குழுவின் எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டும்.

மூன்றாவது, காசு வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். வாரத்துக்கு ஒரு நாள் பொறுப்பாசிரியையின் முன் இருவரும் சேர்ந்து எண்ணிக் கையொப்பம் இட வேண்டும். எண்ணிய காசு மேசை லாச்சியில் கிடக்காமல், அதிபரின் ஊடாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்குப் போக வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு நாள் பெட்டியில் 60 ரூபா குறைந்தது. எங்களுக்கு உதவி செய்யும் தரம் பத்து மாணவி, தன் மீது பழி வந்துவிடுமோ என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் தன் சாப்பாட்டுக் காசைப் போட்டு நிரப்பியிருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது, நான் ஒரு வரியை இரண்டு முறை எழுதியிருந்தேன். காசு குறையவே இல்லை. ஒழுங்கான முறை இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அன்று பட்டினி கிடந்திருக்க மாட்டாள்.

நான்காவது, ஒவ்வொரு உயர்தர மாணவிக்கும் தவணைக்கு இருபது பக்கங்கள் இலவசமாகக் கொடுக்க வேண்டும். "வசதி குறைந்தவர்களுக்கு மட்டும்" என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு பெயர்ப்பட்டியல் வந்துவிடும். எல்லோருக்கும் கொடுத்தால் யார் தேவைக்கு வாங்குகிறாள், யார் சும்மா வாங்குகிறாள் என்று எவருக்கும் தெரியாது. 90 மாணவிகள் என்று வைத்தால் 1,800 பக்கங்கள். மேலே சொன்ன 8 ரூபாக் கணக்கில் 14,400 ரூபா. தாள் மட்டும் பார்த்தால் நான்கு கட்டுக்கும் குறைவு. எமது கல்லூரியில் மௌத்தானவர்களின் பெயரில் மின்விசிறியும் சுவர்க் கடிகாரமும் அன்பளிப்புச் செய்யும் நல்ல வழக்கம் இருக்கிறது. பழைய மாணவியர் சங்கத்தைச் சேர்ந்த தாய்மாரிடம் கேட்கிறேன்: அதேபோல ஒரு கட்டுத் தாள் தரலாம் அல்லவா? ஐந்நூறு பக்கப் படிப்பும் ஸதகாதானே.

"இந்தச் சில்லறைக் காசுக்கு இத்தனை கணக்கா?" என்று சிரிப்பவர்கள் இருக்கலாம். அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? ஸூரதுல் பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக் கூடாது என்றும் அதிலேயே வருகிறது. அந்தத் தரம் பத்துப் பிள்ளையின் பட்டினி என் நினைவுக்கு வருவது அந்த இடத்தில்தான்.

பட்டியல் ஒட்டியபோது நான் இந்த வசனத்தைத்தான் மனதில் வைத்திருந்தேன். எழுதச் சொன்னபடி எழுதினேன் என்று நினைத்தேன். உம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "மகள், எழுதினது சரி. கதவுல ஒட்டச் சொன்னது ஆரு?" பிறகு, இரண்டு வசனங்கள் முன்னால் ஓதிப் பார்க்கச் சொன்னார். 280ஆவது வசனம்: கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுப்பதும், விட்டுக்கொடுத்துவிட்டால் அது இன்னும் சிறந்தது என்பதும் அங்கே இருக்கின்றன. எழுதச் சொல்வதற்கு முன்னாலேயே அவகாசம் கொடுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் பின்னால் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"பெயரை ஒட்டாவிட்டால் யாரும் காசு கட்டமாட்டார்கள்" என்று என் சக மாணவத் தலைவிகள் இன்றும் சொல்கிறார்கள். மூன்று நாளில் ஒன்பது பேர் கட்டியதை நானும் மறுக்கவில்லை. வெட்கம் காசை வேகமாக வசூலித்துத் தரும் என்பது உண்மைதான். ஆனால் நூலகத்தின் வேலை காசு வசூலிப்பதா, மாணவியை உள்ளே அழைப்பதா? ஒன்பது பேரின் சில நூறு ரூபாவைப் பெற்று, தினமும் வந்து வாசித்த ஒருத்தியை இழந்தோம். எந்தப் பக்கத்தில் இலாபம், எந்தப் பக்கத்தில் நட்டம் என்று எழுதுவது? தவிர்க்க முடியாமல் யாருக்காவது கடன் விழுந்தால், மடித்த ஒரு துண்டில் தொகையை எழுதி அவள் கையில் மட்டும் கொடுக்கலாம். அதற்கும் பதில் வராவிட்டால் பொறுப்பாசிரியை தனியாக அழைத்துப் பேசலாம்.

கதவில் ஒன்று ஒட்டத்தான் வேண்டுமென்றால், நூலகத்தின் கணக்கை ஒட்டுவோம். இந்தத் தவணை எத்தனை பக்கம் அடித்தோம், எவ்வளவு காசு வந்தது, தாளுக்கும் டோனருக்கும் எவ்வளவு போனது, கையில் என்ன மிச்சம் என்று ஐந்தாறு வரிகள். காசு கொடுத்த ஒவ்வொரு மாணவிக்கும் பெற்றோருக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. காசு தர வேண்டியவர் யார் என்பதை ஊருக்குச் சொன்ன நாங்கள், வாங்கிய காசு என்னவானது என்பதை இதுவரை சொன்னதில்லை.

பொறுப்பாசிரியையிடம் இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தானே எழுந்து போய்க் கதவிலிருந்த பட்டியலைக் கழற்றினார். மட்டை முறையை அடுத்த தவணையில் தொடங்கிப் பார்ப்போம் என்றார். இலவசப் பக்கங்களைப் பற்றி அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும் என்றார். இதை வாசிக்கும் பெற்றோர் அந்தக் கூட்டத்துக்கு வருபவர்களாக இருந்தால், தயவுசெய்து பேசுங்கள்.

தோழியிடம் நான் மாப்புக் கேட்டேன். அவள் "பரவாயில்ல" என்றாள். மறுநாள் வகுப்பில் என் மேசையில் ஒரு இருபது ரூபாத் தாளை வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்து, கொப்பியை எடுத்து, பற்றுச்சீட்டு எழுதி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை மடித்துக் கணக்கீட்டுக் கொப்பிக்குள் வைத்தாள்.

நூலகத்துக்கு அவள் இன்னும் வரவில்லை. கதவில் பசை ஒட்டிய இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. இடைவேளைகளில் நான் அதைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

- உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி